கழுத்துப் பாரம்

சான் அன்டோனியோவையும் தாண்டி, கோட்டூல்லாவுக்குத் தெற்கே எண்ணெய்க் கிணறுகளுக்குப் பிரிந்து போகிற சாலைகளில் மழை பெய்தால் வண்டி நகராது, பெய்யாவிட்டால் மூச்சு நகராது. சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் பரப்பியிருப்பார்கள். ஒரு லாரி போனால் போதும், எதிரே நிற்பது மாடா மனுஷனா என்று வெகுநேரம் தெரியாது. இரண்டு பக்கமும் நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி மரங்களும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிக் கிடக்கும். அதற்குள் காட்டுப் பன்றியும் பாம்பும் சுகமாக வாழ்கின்றன. மனுஷர்கள்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருக்கிறோம்.

அந்தப் புழுதியில்தான் வெகுகாலமாக என் பிழைப்பு. வாசல்காரர்களின் டிரெய்லருக்குத் தண்ணீர் ஊற்றுவேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவேன், அவர்கள் கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வருவேன். வாசல்காரர்கள் என்றால், கிணறு தோண்டுகிற பண்ணையின் வாசலில் டிரெய்லரைப் போட்டுக்கொண்டு, உள்ளே போகிற வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்கிறவர்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற புருஷன் பெண்டாட்டிதான். பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர். வீடு என்று வேறெங்கும் எதுவும் கிடையாது. டிரெய்லர்தான் வீடு.

அந்த டிரெய்லரும் லேசுப்பட்டதல்ல. சாதாரண டிரெய்லரை டிரக்கின் வாலில் மாட்டி இழுத்துவிடலாம். இதற்கு மூக்கு மாடி மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு டிரக்கின் பின்தொட்டிக்கு மேலே ஏறி, தொட்டி நடுவில் பதித்த இரும்புத் தட்டில் உட்கார வேண்டும். ஃபிஃப்த் வீல் என்பார்கள். டிரக் இதை இழுக்கவும் வேண்டும், முதுகில் சுமக்கவும் வேண்டும். இந்தச் சுமக்கிற விஷயத்தை மட்டும் இந்த ஊர் ஆண்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ராய்ஸ் ஸ்டோவாலும் நெல்டாம்மாவும் இரண்டு வருஷமாக ஒரே வாசலில் இருந்தார்கள். ராய்ஸ் குதிரைக்கு லாடம் அடித்துப் பிழைத்த மனுஷன், முன்கை இன்னும் உருட்டுக்கட்டையாக இருக்கும். நெல்டாம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷம் கிண்டிக் கொட்டியவர். நான் போகிற நாளில் எனக்கென்று சோள ரொட்டியும் மொச்சை மாதிரி ஒரு பயற்றுக் குழம்பும் மூடி வைத்திருப்பார். வெண்டைக்காய் ஊறுகாய் போடுவார், அதில் காரம் போதாது என்று நான் சொல்லுவேன், மறுமுறை வேண்டுமென்றே அதே மாதிரி போட்டு வைப்பார்.

கடைசியாக இடம் மாறிய அன்று அவர்களுடைய பழைய டிரக் ஒரு மேட்டில் இன்ஜின் வெடித்துச் செத்தது. வேறொருவர்தான் டிரெய்லரை இழுத்துவந்து இங்கே போட்டார். செத்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு சின்னக் காரை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அப்புறம் போன வசந்தத்தில் ராய்ஸுக்குக் கண் போனது. முழுக்கப் போகவில்லை. பார்வைக்கு நடுவில் ஒரு புகைத்திட்டு. உங்கள் முகத்தைப் பார்த்தால் இரண்டு காதும் தெரியும், மூக்கும் வாயும் தெரியாது. டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் மாசக் கடைசியில் மேற்பார்வைக்காரர் டீக் வந்தார். நான் அப்போது தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ் நெல்டா, மான் வேட்டை ஆரம்பிக்கிறதுக்குள்ள இந்த வாசலை மூடணும்னு பண்ணைக்காரர் சொல்லிட்டாரு. கரிசோ பக்கத்துல புதுசா ஒரு வாசல் தொறக்குறோம். ஓக் மர நிழல்ல இடம். உங்களைத்தான் முதல்ல கேக்குறேன்."

"நாங்க வர்றோம்" என்றார் நெல்டாம்மா.

"டிரக் வேணுமே."

"வாடகைக்கு ஒரு ஆளை வச்சு இழுத்துட்டு வந்தா ஆகாதா?" என்று ராய்ஸ் கேட்டார்.

"ஆகாது ராய்ஸ். கிணத்துல காஸ் கசிஞ்சுதுன்னா அந்த நிமிஷமே டிரெய்லரை மாட்டிட்டு ஓடணும். நீ வாடகைக்காரனுக்கு போன் போட்டுட்டு உக்காந்திருக்க முடியாது. சொந்த டிரக் இருக்கணும், ஓட்டுறதுக்கு ஆள் இருக்கணும். இல்லேன்னா வேற ஜோடிக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க." டீக் நல்ல மனுஷன்தான். இதைச் சொல்லும்போது ராய்ஸ் முகத்தைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரக் வாங்கிடுறோம். ஆள் இருக்கு" என்றார் நெல்டாம்மா.

"யாரு?"

"உன் எதுத்தாப்புல நிக்கிறேனே, நான் யாருன்னு நெனச்சே?"

டீக் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். ராய்ஸ் எழுந்து டிரெய்லருக்குள் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோள ரொட்டி கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கெர்பி சான் அன்டோனியோவிலிருந்து வந்தான். வீடுகளுக்குக் குளிர்சாதனம் மாட்டுகிற தொழில் அவனுக்கு. நல்ல பையன், அப்பா அம்மா மேல் உயிர். அதனால்தான் அவனோடு சண்டை போடுவது கஷ்டம். புகைபோட்டு வேகவைத்த மாட்டிறைச்சி ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்தான். தார்ப்பாய் நிழலில் மேஜை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். நடுவில் லாரி வரும்போதெல்லாம் நெல்டாம்மா எழுந்து போய்ப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இந்த டிரெய்லரை வித்துடு. எங்க வீட்டுக்குப் பின்னால உங்களுக்கு ரூம் கட்டி முடிச்சாச்சு. தனி பாத்ரூம். ஏசி நானே மாட்டியிருக்கேன், சத்தமே வராது."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"என்ன தெரியும்?"

கெர்பி கொஞ்சம் யோசித்தான். "வேலி தெரியும்."

"வேலியைப் பாத்துக்கிட்டு நான் என்னடா செய்யுறது?"

"அம்மா, உனக்கு அறுபத்தேழு வயசு."

"தெரியும். நான் பொறந்தப்போ நானும் அங்கதான் இருந்தேன்."

"நீ ஒரு தள்ளுவண்டிகூட இழுத்ததில்ல. இது பெரிய ராட்சசன். ஹைவேல சைடு காத்து அடிச்சா என்ன பண்ணுவே? அப்பாவுக்கோ முன்னால இருக்கிறது தெரியாது."

"எனக்கு ஓரம் நல்லாத் தெரியும்" என்றார் ராய்ஸ், இறைச்சியை வெட்டிக்கொண்டே. "டிரக் விஷயத்தை எங்கிட்ட விடு. பழைய வண்டி மாதிரியே ஒண்ணு எடுத்தாப் போதும். அது நல்ல வண்டி. கம்பெனிக்காரன் இன்ஜின்ல களவாணித்தனம் பண்ணிட்டான், அவ்வளவுதான்."

இரண்டு வருஷமாக அவர் சொல்லிவருகிற கதை அது. அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். டிரெய்லர் வாங்கின அன்று கொடுத்த வண்ணக் காகிதத்தில் எடை ஆறு டன் என்று போட்டிருந்தது. விளம்பரத்தில் அந்த டிரக் எட்டு டன் இழுக்கும் என்று போட்டிருந்தது. எட்டு ஆறைவிடப் பெரிசு. கணக்கு முடிந்தது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் டிரக் எடுக்கிறார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எடை போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதுக்கு ரங்கா? காகிதத்துல போட்டிருக்கே."

"காகிதத்துல போட்டப்போ உள்ளே ஒரு கரண்டிகூட இருந்திருக்காதே."

நெல்டாம்மா சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யூசேபியோவை வரச்சொல்லு" என்றார்.

யூசேபியோ கார்ஸா மாடு ஏற்றுகிறவர். அவருடைய டிரக்கில் பின்பக்கம் இரண்டு இரண்டாக நாலு டயர். பின்பக்கம் புடைத்துக்கொண்டு அகலமாக இருக்கும். ராய்ஸுக்கு அந்த மாதிரி வண்டியைக் கண்டால் ஆகாது. இடுப்பு பெருத்த வண்டி என்று சொல்லி யூசேபியோவைச் சீண்டுவார். "பொறாமை" என்று யூசேபியோ பதில் சொல்லுவார். இது அவர்களுக்குள் வருஷக்கணக்காக நடக்கிற வழக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாசலை டீக்கின் ஆள் பார்த்துக்கொள்ள, டிரெய்லரை யூசேபியோவின் வண்டியில் மாட்டி, நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கிற இடத்து எடைமேடைக்குக் கொண்டுபோனோம். மாட்டின கையோடு யூசேபியோ கீழே இறங்கிப் பின்பக்கம் குனிந்து பார்த்தார். அவருடைய நாலு டயர் வண்டியே கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அவர் விசில் அடித்தார்.

எடைச் சீட்டை யூசேபியோதான் வாங்கிவந்து படித்தார். "எட்டரை டன்."

"டிரக்கோட சேத்தா?" என்றார் ராய்ஸ்.

"டிரக் இல்லாம."

"மிஷின் தப்பு."

"போன வாரம் என் மாட்டுக்குச் சரியாத்தான் சொல்லுச்சு. உன் டிரெய்லர் மேல அதுக்கு என்ன கோவம்?" அவர் சீட்டின் மறுபக்கத்தில் பென்சிலால் கழித்துப் பார்த்தார். "அதை விடு. என் வண்டி முதுகுல ஏறி உக்காந்திருக்கிறது மட்டும் ரெண்டு டன். உன் பழைய வண்டி முதுகுல எவ்வளவு தாங்கும்?"

"எட்டு டன் இழுக்கும்."

"இழுக்குறதைக் கேக்கல. கதவைத் தொறந்தா ஓரத்துல ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பான். அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"அதை எவன் பாத்தான்?"

"அந்த மாதிரி வண்டிக்கு ஒரு டன் இருக்கும். கூடப் போனா கொஞ்சம்."

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுகிறவன் முன்பாரமா பின்பாரமா என்று பார்க்காமல் கயிறு போட மாட்டான். முன்பாரம் ஏறிவிட்டால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். நான் இதைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் நெல்டாம்மா டிரெய்லரின் மூக்குக்குக் கீழே இருந்த அறையின் கதவைத் திறந்திருந்தார்.

உள்ளே பட்டறைக்கல் இருந்தது. லாடம் அடிக்கிற பட்டறைக்கல், இரண்டு ஆள் தூக்க வேண்டியது. அதைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக லாடம், சுத்தியல், அரம், குறடு. சரியாகக் கழுத்துக்கு மேலே.

"ராய்ஸ்" என்றார் நெல்டாம்மா. "நீ லாடம் அடிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு."

"அது என் அப்பனோட பட்டறைக்கல்."

"குதிரையே கெடையாதே நம்மகிட்ட."

"மேல உன் படுக்கைக்கு அடியில என்ன இருக்கு? அதையும் சொல்லு."

மேலே படுக்கைக்கு அடியில் கண்ணாடி ஜாடிகள் இருந்தன. வெண்டைக்காய், பீச் பழம், தக்காளி, மிளகாய், மூன்று வருஷத்து விளைச்சல். யூசேபியோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு போரையே நடத்தலாம் போலிருக்கிறது என்றார். வார்ப்பிரும்புச் சட்டி மட்டும் எட்டோ ஒன்பதோ.

"ஊறுகாயை எறக்கு" என்றார் ராய்ஸ்.

"பட்டறைக்கல்லை எறக்கு" என்றார் நெல்டாம்மா.

இரண்டு பேரும் எடைமேடை முற்றத்து வெயிலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராய்ஸுக்கு நெல்டாம்மாவின் காது மட்டும்தான் தெரிந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் இந்த இடத்தில் இதை இறக்கு அதை இறக்கு என்று ஆரம்பித்தால் அது கெர்பி வீட்டுப் பின்னறையில்தான் போய் முடியும் என்று தோன்றியது.

நெல்டாம்மாதான் முதலில் அசைந்தார். அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். "ஒண்ணையும் எறக்க வேணாம். இது எல்லாத்தையும் தாங்குற வண்டி எங்கேயாவது இருக்கும். அதைத் தேடி எடுப்போம். நாம சுருங்கினது போதும்."

திரும்பி வரும்போது ராய்ஸ் என் வண்டியில் ஏறிக்கொண்டார். பாதி தூரம் தாண்டியிருப்போம். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "அப்போ கம்பெனிக்காரன் இல்ல. அந்த வண்டியை நான்தான் கொன்னிருக்கேன்." நான் ரேடியோவைப் போட்டேன், அவர் அணைத்துவிட்டார்.

டிரக் விற்கிற இடத்துக்கு நானும் போனேன். யூசேபியோவுக்கு அன்று மாட்டுச் சந்தை, அவர் வரவில்லை. கொடிகள் கட்டி, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து வரவேற்றார்கள். கோல்பி என்று ஒரு இளைஞன் வந்தான், சட்டை மடிப்பு கலையாமல். ராய்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான், அப்புறம் அவரையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு பெரிய டிரெய்லர் சார்? கவலையே படாதீங்க. இது எதையும் இழுத்துடும் சார்." கருநீல வண்டி ஒன்றின் கதவைத் திறந்தான். உள்ளே தோல் இருக்கை, கூரை முழுக்கக் கண்ணாடி. கதவைத் திறந்ததும் கால் வைக்கப் படி தானாகக் கீழே இறங்கியது. "சீட்ல குளிர்காத்து வரும். மேடத்துக்குப் பிடிக்கும். உக்காந்தா முதுகு ஜில்லுன்னு இருக்கும்."

"என் முதுகு கெடக்கட்டும்" என்றார் நெல்டாம்மா. "இதோட முதுகு எவ்வளவு தாங்கும்?"

கோல்பி ராய்ஸைப் பார்த்துச் சிரித்தான். ராய்ஸ் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்காது.

நெல்டாம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவோரத்தில் குனிந்தார். மஞ்சள் சீட்டைப் படித்தார். கதவைச் சாத்தினார். அடுத்த வண்டியைத் திறந்தார், குனிந்தார், படித்தார், சாத்தினார். அந்த வரிசை முழுக்க அப்படியே போனார். கோல்பி பின்னாலேயே ஓடி ஒவ்வொரு வண்டியின் வசதியையும் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் வசதி என்று சொன்னதெல்லாம், கண்ணாடிக் கூரையும் தானாக இறங்குகிற படியும், வண்டியின் முதுகிலேயே உட்கார்ந்துகொண்டு நம் பாரத்துக்கு இடமில்லாமல் செய்கிறவை. வண்டியின் விலை ஏற ஏற மஞ்சள் சீட்டின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கே அன்றைக்குத்தான் அது புரிந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நிழலுக்கு ஒதுங்கிவிட்டேன், அந்த அம்மாள் ஒதுங்கவில்லை.

கடைசி வரிசையில் வேலியோரம் புழுதி மூடி ஒரு வெள்ளை வண்டி நின்றது. தரையில் ரப்பர் விரிப்பு. இருக்கையில் துடைத்தால் போகிற ரெக்ஸின். நீளமான பின்தொட்டி. பின்னால் நாலு டயர்.

"அது பண்ணைக்காரங்க எடுக்குறது மேடம். உள்ளே ஒண்ணுமே இருக்காது."

நெல்டாம்மா சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "ரெண்டே முக்கால் டன். ரங்கா, நீ படி."

நான் படித்தேன். அவ்வளவுதான் போட்டிருந்தது.

"இதான்" என்றார்.

ராய்ஸ் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்தார். கை அந்தப் புடைப்பில் பட்டதும் நின்றார். "நாலு டயரா? நான் ஏற மாட்டேன்."

"ஏறாத. நடந்து வா."

"அகலத்தைப் பாத்தியா நெல்டா? எந்தச் சந்துலயும் நுழையாது. வண்டியில உக்காந்தபடியே கடை ஜன்னல்ல சாப்பாடுகூட வாங்க முடியாது."

"எறங்கிப் போய் வாங்கலாம். உன் தொப்பைக்கும் நல்லது."

"யூசேபியோ என்னைச் சும்மா விடுவானா? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவான்."

"சொல்லட்டும். நீ அவனை எவ்வளவு நாள் சொன்னே."

"இத்தனை பெரிய வண்டியை நீ எப்படித் திருப்புவே? நான் அதைத்தான் கேக்குறேன். நான் ஓட்டுறதா இருந்தா வேற."

நெல்டாம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோல்பி பக்கத்தில் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை. "நீ ஓட்டப் போறதில்ல ராய்ஸ்" என்றார் மெதுவாக. "அதைச் சொல்ல எனக்கும் நல்லா இல்ல. ஆனா இனிமே ஓட்டுறவ நான். ஓட்டுறவ இதுதான் வேணும்கிறா. அந்த வேலிக்கு முன்னால போய் உக்கார எனக்கு இஷ்டமில்ல. உனக்கு இஷ்டம்னா இப்பவே சொல்லிடு, நான் சாவியை வாங்கல."

ராய்ஸ் பின்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்கை நரம்பு புடைத்திருந்தது. எவ்வளவோ குதிரைகளை அடக்கிய கை அது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, அதே சமயம் ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. கடைசியில் கோல்பி இருக்கிற திசையில் தலையைத் திருப்பினார். "தம்பி, இதைக் கழுவிக் குடுப்பீங்களா, இல்ல புழுதியோடதானா?"

உரிமம் வாங்குவது தனிக் கூத்து. அந்த எடைக்குச் சாதாரண உரிமம் செல்லாது, டிரெய்லரோடு ஓட்டிக் காட்ட வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றுத் திடல் ஒன்றில் நெல்டாம்மா தினம் சாயங்காலம் பழகினார். முன்னால் போவதில் பிரச்சினை இல்லை. பின்னால் எடுப்பதுதான். நாம் இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும். ராய்ஸ் வெளியே நின்று ஓரக்கண்ணால் பார்த்து "இடது, இடது, நிறுத்து, நிறுத்துடி" என்று கத்துவார். நெல்டாம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் போக்கில் எடுப்பார். ஒரு நாள் என் தண்ணீர்த் தொட்டியில் ஏற்றிவிட்டார். இப்போதும் அதில் ஒரு ஒடுக்கு இருக்கிறது. பரீட்சையில் முதல் தடவை ஒரு கூம்பைச் சாய்த்துத் தோற்றார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பெரிய சட்டி நிறைய பீச் பழத்தைக் கிண்டினார். இரண்டாம் தடவை வாங்கிவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் வடக்கிலிருந்து முதல் குளிர்காற்று வந்திருந்தது. கெர்பியும் வந்திருந்தான். முகம் தொங்கிக் கிடந்தது.

"கடைசியாக் கேக்குறேன் அம்மா."

"கடைசியாக் கேட்டுட்டேல்ல. போய் அந்தச் சக்கரத்துக் கட்டையை எடு."

அவன் எடுத்தான். ராய்ஸ் பின்தொட்டிப் பக்கம் நின்று ஒரு கையை இரும்புத் தட்டின் மேல் வைத்துக்கொண்டு, "வா, இன்னும் வா, கொஞ்சம்" என்று தடவிப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தார். மூக்கு தட்டில் இறங்கிப் பூட்டிய சத்தம் கேட்டது. வெள்ளை வண்டி துளி தாழ்ந்தது, அப்புறம் அப்படியே நின்றது. கெர்பி கீழே குனிந்து இரண்டு முறை பூட்டை ஆட்டிப் பார்த்தான். "நான் கார்ல பின்னாலயே வர்றேன்" என்றான்.

"வா. ஹாரன் மட்டும் அடிக்காத."

நானும் தண்ணீர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.

மண்சாலையில் ஆமை மாதிரி போனார். நெடுஞ்சாலையில் சேருகிற இடம்தான் சிக்கல். வலது பக்கம் திரும்ப வேண்டும். மூலையில் ஆழமான பள்ளம். அந்த நீளத்துக்கு எதிர்த்தடத்தையும் சேர்த்து எடுத்தால்தான் டிரெய்லரின் சக்கரம் பள்ளத்தில் இறங்காது. இரண்டு பக்கமும் மணல் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும் சாலை. நெல்டாம்மா வெகுநேரம் காத்திருந்தார். ஒரு இடைவெளி கிடைத்ததும் டிரக்கை நேராக எதிர்த்தடம் வரைக்கும் விட்டுத் திருப்பினார். பாதியில் நின்றுவிட்டார். டிரெய்லரின் பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றது, இன்னும் ஒரு சாண் போனால் மொத்தமும் சாயும்.

இப்போது சாலை முழுக்க அடைபட்டுப்போனது. இடது பக்கமிருந்து ஒரு லாரி வந்து பிரேக் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. வலது பக்கமும் வரிசை சேர்ந்தது. ஹாரன் ஆரம்பித்தது. ஒருத்தன் தலையை வெளியே நீட்டி, "ஓட்டத் தெரியலேன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே கெழவி" என்று கத்தினான். கெர்பி காரை விட்டு இறங்கி ஓடினான். "அம்மா, எறங்கு, நான் எடுக்குறேன், எறங்கும்மா." நெல்டாம்மா இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இறங்கினால் அதோடு முடிந்தது.

நெல்டாம்மா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றவுமில்லை, இறங்கவுமில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கிற கியரில் போட்டார்.

மறுபக்கக் கதவு திறந்தது. ராய்ஸ் இறங்கினார். ஒரு கையால் டிரக்கின் மூக்கைத் தடவிக்கொண்டே சுற்றி முன்னால் வந்தார், அப்புறம் அதையும் விட்டுவிட்டு நடுச்சாலைக்கு நடந்தார். கெர்பி "அப்பா" என்று கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. ஹாரன் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கால்களை அகட்டி நின்று, லாடக்காரக் கையை உயரத் தூக்கினார். முன்னால் நிற்பது எத்தனை லாரி, எவ்வளவு கிட்டத்தில் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"பொறுங்கடா" என்றார், அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என் பொண்டாட்டி திருப்புறா."